உப்புக்கிடங்கின் நிறம்

பாலத்துக்கு இந்தப் பக்கமே, ஓட்டுநரில்லாத அந்தத் தானோடி நின்றுவிட்டது. கதவைத் திறந்து, "மன்னிக்கவும், எதிரே சிவப்பு. இதற்கு மேல் செல்ல இயலாது" என்று பணிவாகச் சொன்னது. நளாயினி தன் வாரிய அட்டையைக் கண்ணாடியில் காட்டினாள். அட்டையைப் பார்த்த பிறகும் அது அதே பணிவோடு அதையே சொன்னது. இறங்கி நடந்தாள்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் உப்புக்கிடங்கு. வடசென்னையில் துறைமுகத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே செருகி வைத்தது போன்ற பேட்டை. அச்சப்படம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அது சிவப்பாகவே இருந்தது.

நகரத்தில் எல்லோர் மணிக்கட்டிலும் நாடிக்காப்பு இருந்தது. துடிப்பு, வியர்வை, மூச்சு மூன்றையும் பார்த்து, அணிந்தவர் எந்தத் தெருவில் எவ்வளவு பயந்தார் என்று நகர நிம்மதி வாரியத்துக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். வாரியம் அதைத் தெருவாரியாகச் சேர்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டும். குற்றம் நடந்த பிறகு எழுதும் போலீஸ் கணக்கைவிட, நடப்பதற்கு முன்பே மனித உடம்பு தரும் எச்சரிக்கை மேலானது என்பது வாரியத்தின் வாதம். மக்களும் நம்பினார்கள். வீட்டு வாடகை அந்த நிறத்தைப் பார்த்து ஏறியது, இறங்கியது. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் தெருவின் நிறத்தைக் கேட்டார்கள். சிவப்புத் தெருவுக்குள் தானோடிகள் போகக் கூடாது என்பது சட்டம். நோயாளிகளை ஏற்றிப் போகும் உயிரூர்திகளும் தானோடிகள்தான்.

அதனால்தான் நளாயினி வந்திருந்தாள். போன மாதம் உப்புக்கிடங்கில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. உயிரூர்தி பாலத்தருகே வந்து நின்றுவிட்டது. மீன் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழந்தை பிழைக்கவில்லை. அந்தப் பெண்ணின் நாத்தனார் பிலோமினா என்பவர் வாரியத்தின் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து, நேரில் வந்து பார்க்க ஓர் அதிகாரியை அனுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

பாலத்தை விட்டு இறங்கியதும் நளாயினியின் காப்பு சூடாயிற்று. எதிரே நான்கு ஆண்கள் மூட்டை தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் உரக்க எதையோ சொன்னான். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் மறுபடி கத்தியபோதுதான் புரிந்தது, "பள்ளம் கீது, பாத்து வா" என்று சொல்கிறான். கீழே மூடியில்லாத சாக்கடைக் குழி.

பிலோமினாவின் கடை சந்து முனையில் இருந்தது. அத்தோ கடை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ். வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய் எல்லாம் போட்டு அவர் கையாலேயே பிசைந்து கொடுப்பார். ஐம்பது வயது, கனத்த தோள்கள், உரத்த குரல்.

"ஆபீஸரம்மாவா? ஒக்காரு. மூஞ்சி ஏன் இப்பிடி வேத்துகினு கீது?"

"நடந்து வந்தேன்."

"நடந்ததுக்கு வேக்கல. எங்களப் பாத்து வேக்குது" என்றார் பிலோமினா. கோபமில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோல் சொன்னார்.

நளாயினி கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் அச்சப்படத்தைத் திறந்தாள். அவள் நடந்து வந்த வழி முழுக்கப் புதிதாக ஒரு சிவப்புக் கோடு. அன்று காலையிலிருந்து அந்தத் தெருவில் பதிவாகியிருந்த ஒரே பயம் அவளுடையதுதான்.

அவளுக்கு அது உறுத்தியது. வாரியத்தின் விதிப்படி, ஒரு தெருவின் நிறத்துக்கு வெளியாட்களின் நாடி மட்டுமே கணக்கு. அங்கேயே வாழ்பவர்களுக்கு ஆபத்து பழகிப்போயிருக்கும், அவர்கள் உடம்பு சரியாக எச்சரிக்காது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். உப்புக்கிடங்குக்கு வரும் வெளியாள் யார்? கடன் வசூலிப்பவன், மின்வாரிய ஊழியன், வழி தவறியவன். எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துகொண்டே வந்தார்கள். அந்தப் பயம் படத்தில் ஏறியது. அடுத்து வந்தவன் அதைப் பார்த்துப் பயந்தான்.

அவள் அங்கேயே தங்கி வேலை செய்வது என்று முடிவு செய்தாள். பிலோமினாவின் மாடியில் ஓர் அறை கிடைத்தது.

பேட்டையைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்ததெல்லாம் வேறு. கொலையுண்டவர்களை உப்பில் புதைத்த இடம், அதனால்தான் அந்தப் பெயர் என்று கல்லூரியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். சினிமாவில் கத்தியோடு ஒருவன் ஓடிவர ஒரு சந்து வேண்டுமென்றால் கேமரா இங்கேதான் வரும். விஷயம் அதுவல்ல. கால்வாயில் படகு ஓடிய காலத்தில் வடக்கேயிருந்து வந்த உப்பை இங்கே இறக்கி வைத்தார்கள். சுமந்தவர்கள் பெண்கள். உப்பு தின்ற பாதங்களுக்குச் செருப்பு கேட்டு ஒருமுறை அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் செய்தித்தாளில் 'உப்புக்கிடங்கில் கலவரம்' என்று வந்தது. செருப்பு வந்தது. கலவரம் என்ற பேரும் நிலைத்துவிட்டது.

இதைச் சொன்னவர் தாவூத் பாய். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய கிடங்கு இடிந்த காலி மனையில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பார். பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளைகள், வேலை முடிந்து வரும் பெரியவர்கள் எல்லோரும் ஆடுவார்கள். மனையைச் சுற்றி நின்று மற்றவர்கள் கத்துவார்கள். அந்த இரைச்சலில் அவர் குரல் தனியாகக் கேட்கும்.

"உங்களுக்கு எங்க பேட்டையில இன்னும் பயமாம்மா?" என்று ஒருநாள் கேட்டார்.

நளாயினி காப்பைப் பார்த்தாள். பச்சை. "இல்ல பாய்."

"அப்ப உங்க மேலதிகாரிங்களையும் வரச் சொல்லுங்க. கணக்கு சரியாயிடும்."

மேலதிகாரிகள் வரவில்லை. ஆனால் அவள் எழுதிய அறிக்கையைப் படித்தார்கள். உள்ளூர்க்காரர்களின் நாடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வாதாடினாள். பல சுற்றுப் பேச்சுக்குப் பிறகு வாரியம் ஒரு சமரசத்துக்கு வந்தது. சேர்க்கலாம், ஆனால் எடை ஒன்றாக இருக்காது. உள்ளூர்க்காரர் நூறு பேருக்கு வெளியாள் ஒருவர் சமம். நளாயினி கொஞ்சம் யோசித்தாள். ஒன்றுமில்லாததற்கு இது தேவலை என்று கையெழுத்துப் போட்டாள்.

பேட்டையில் ஆயிரக்கணக்கான பேர். அவர்கள் யாரும் தங்கள் தெருவைப் பார்த்துப் பயப்படவில்லை. ஒரே வாரத்தில் உப்புக்கிடங்கு பச்சையாயிற்று. முதல் தானோடி பாலம் தாண்டி வந்தபோது பிலோமினா அதற்கு முன்னால் நின்று பூசணிக்காய் உடைத்தார். அது அவர் நகரும்வரை காத்திருந்து, "நன்றி" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

சாயங்காலம் மறுபடி சிவந்தது.

நளாயினி பலகையோடு ஓடினாள். மனையில் ஆட்டம் உச்சத்தில் இருந்தது. ஓடுபவர்களின் நாடி, கத்துபவர்களின் நாடி, மூட்டை இறக்குபவர்களின் நாடி. காப்புக்கு ஓட்டத்துக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அமைதியான தெருக்களில் வைத்துப் பழக்கிய கருவி அது. அங்கெல்லாம் துடிப்பு ஏறினால் அது பயமாகத்தான் இருந்தது.

வாரியத்துக்கு எழுதினாள். கருவியைத் திருத்த இரண்டு வருடம் ஆகும் என்று பதில் வந்தது.

அன்று மனையில் கூட்டம் போட்டார்கள். முதலில் பேசியவர் பிலோமினா. "உயிரூர்தி எப்ப வேணும்னு யாருக்குத் தெரியும்? சாயங்காலம் ஒருத்திக்கு வலி வந்தா? என் தம்பி பொண்டாட்டிய நான் மீன் வண்டியில தள்ளிகினு போனேன். இனிமே ஒருத்தரும் தள்ளக் கூடாது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. தாவூத் பாய் பந்தின் காற்றை இறக்கி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு பேட்டை மாறியது. மூட்டை தூக்குபவர்கள் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார்கள். பிள்ளைகள் ஓடினால் யாராவது அதட்டினார்கள். கல்யாணத்தில் மேளம் அடங்கி ஒலித்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் போட்டார்கள். தினமும் சாயங்காலம் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சை இழுத்து விடப் பழகினார்கள். கொஞ்ச நாளில் அதில் தேறியும்விட்டார்கள். அச்சப்படத்தில் உப்புக்கிடங்கு அசையாத பச்சை. வாரியத்தின் ஆண்டு மலரில் அதன் படம் அட்டையில் வந்தது.

"ஆஸ்பத்திரி மாதிரி கீது" என்றார் பிலோமினா, ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே. நளாயினிக்கு நங்கநல்லூரில் இருந்த தன் வீட்டுத் தெரு நினைவுக்கு வந்தது. அதுவும் இப்படித்தான் இருக்கும். அவள் அதை நிம்மதி என்று நினைத்திருந்தாள்.

தாவூத் பாய்தான் முதலில் பொறுக்க மாட்டாமல் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பந்தில் காற்றடித்துக்கொண்டு மனைக்கு வந்தார். "ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் நானே எல்லாரையும் உக்கார வைக்கிறேன்" என்றார். பேட்டை முழுக்கத் திரண்டுவிட்டது. தேக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் வெளியே வந்தது. பிலோமினா கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். நளாயினியும் கத்தினாள்.

பாய் கோல் கம்பத்தின் அருகே நின்று கை நீட்டி எதையோ காட்டினார். அப்படியே மண்டியிட்டார். பிறகு சரிந்தார்.

நளாயினி உயிரூர்தியை அழைத்தாள். பாயின் காப்பைத் தொலைவிலிருந்தே படித்த மருத்துவர் போனில் பேசினார். "இதயத் தாக்கு. தூக்காதீர்கள், அசைக்காதீர்கள். வண்டியிலேயே கருவி இருக்கிறது, வந்துவிடும்." வண்டி உடனே வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. பேட்டை செக்கச் சிவந்து கிடந்தது.

பிலோமினா மனையின் நடுவே போய் நின்றார். அவ்வளவு பெரிய குரலை அவ்வளவு தாழ்த்தி அவர் பேசி நளாயினி கேட்டதில்லை.

"ஒக்காருங்க. எல்லாரும் ஒக்காருங்க. அழுவாத. பாயப் பாக்காத. கண்ண மூடு. மூச்ச இழு."

உட்கார்ந்தார்கள். பாயின் மகள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். அவள் உதடு துடித்தது, பிறகு அடங்கியது. நூற்றுக்கணக்கான பேர், தங்களுக்கு வேண்டியவர் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கும்போது, பயப்படாமல் இருக்க முயன்றார்கள். தெருத் தெருவாகச் செய்தி போயிற்று. வீடுகளிலும் உட்கார்ந்தார்கள். நளாயினி பலகையைப் பார்த்தாள். ஓரத்துச் சந்துகள் பச்சையாயின. பெரிய தெரு மஞ்சளாயிற்று, பச்சையாயிற்று. மனை மட்டும் சிவப்பாகவே நின்றது.

நளாயினி அந்தப் புள்ளியைத் தொட்டுப் பெரிதாக்கினாள். பயம் யாருடையது என்று காட்டியது.

அவளுடையது. இங்கே தங்கியிருந்தாலும் வாரியக் கணக்கில் அவள் வெளியாள்; உள்ளூர்க்காரர் நூறு பேரின் எடை. அவள் மூச்சை இழுத்தாள். விட்டாள். இந்தக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டது நான், இவரை ஆடவிடாமல் செய்தது நான் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. காப்பைக் கழற்றப் பார்த்தாள். கழற்றினால் உச்ச அபாயம் என்று பதிவாகும் என்பது அவளுக்கே தெரியும்.

நிமிர்ந்தபோது பிலோமினா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதானா?"

நளாயினி தலையசைத்தாள்.

"போம்மா" என்றார் பிலோமினா மெதுவாக. "தப்பா நெனச்சிக்காத. போயிடு."

அவள் ஓடினாள். ஓடக் கூடாது என்று நினைவு வந்து நடந்தாள். பாலத்தில் கால் வைத்து எல்லைக் கோட்டைத் தாண்டியதும் பின்னால் மனை பச்சையாயிற்று. உயிரூர்தி அவளை உரசுவதுபோல் கடந்து உள்ளே போயிற்று.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு பிலோமினா போனில் அழைத்தார். "கண்ணத் தொறந்துட்டாரு. பந்து எங்கன்னு கேக்கறாரு. நீ எங்க கீற?"

"பாலத்துல, அக்கா. வீட்டுக்குப் போயிட்டுக் காலையில வரேன்."

தானோடி ஒன்றை அழைத்தாள். வந்தது. பத்தடி தூரத்தில் நின்றது. கதவைத் திறக்கவில்லை. "மன்னிக்கவும், எதிரே சிவப்பு" என்றது.

எதிரே அவள் மட்டும்தான் நின்றிருந்தாள்.

பலகையைத் திறந்து பார்த்தாள். வாரியத்தின் கணிப்பொறி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. ஒருவர் வெளியேறிய கணத்தில் ஒரு பேட்டையின் பயம் முழுவதும் தீர்ந்திருக்கிறது. ஆகவே பயத்துக்குக் காரணம் அவர்தான். அவள் பெயருக்கு எதிரே 'அச்சக் காரணி' என்று பதிந்து, அருகிலிருப்பவர்களின் காப்புகளுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. திருத்தக் கோரும் பொத்தானை அழுத்தினாள். இரண்டு வருடம் ஆகும் என்று வந்தது.

நடக்கத் தொடங்கினாள். பச்சைத் தெரு. மரங்கள், சுத்தமான நடைபாதை. எதிரே வந்த தம்பதி காப்பைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபக்கத்துக்குப் போனார்கள். மருந்துக்கடைக்காரர் கதவைப் பாதி இழுத்தார். நாயோடு நின்ற பெண்மணி நாயைத் தூக்கிக்கொண்டாள். நளாயினி அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அந்தப் பெண்மணிக்கு மூச்சு வாங்கியது.

பலகையில் அந்தத் தெரு முதலில் மஞ்சளாயிற்று. திரும்பி வேறு வழியில் போனாள். அவள் போன வழியெல்லாம், அவள் பின்னாலேயே சிவந்துகொண்டு வந்தது.