இரண்டு சிவப்பும் ஒரு நீலமும்

கண்ணாடி நொறுங்கியிருந்தது. காந்தா விரிப்பைக் காணவில்லை.

வட கல்கத்தாவில், சோபாபஜார் பக்கத்துச் சந்து ஒன்றின் பழைய வீட்டில் இருக்கிறது கிரணபாலா அருங்காட்சியகம். காலை எட்டரை மணிக்கு இன்ஸ்பெக்டர் நிருபம் பாகச்சி அதன் மாடிக் கூடத்துக்குள் நுழைந்தார். நேற்று மாலை பிடித்த மழை இன்னும் விடவில்லை. பின்பக்க ஜன்னல் திறந்து கிடந்தது. அதன் கீழே தரையில் ஒரு முறத்தின் அகலத்துக்கு ஈரம்.

கூடத்தின் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி. வெளிச்சத்தில் சாயம் வெளுத்துவிடாதபடி அதற்குப் போட்டிருந்த கறுப்புத் திரை இழுத்து ஒதுக்கப்பட்டிருந்தது. முன்பக்கக் கண்ணாடி சில்லுசில்லாகப் பெட்டிக்குள்ளும் தரையிலும் சிதறியிருந்தது. உள்ளே மிச்சம் இருந்தவை இரண்டே பொருள்கள்: ஒரு தந்தச் சீப்பு, சித்திரம் தீட்டிய ஒரு சுவடிப் பலகை. இரண்டும் பின்மூலையில் ஒரு மஸ்லின் துணியின் மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

பெட்டியின் அடியில் ஒரு சல்லடைத் தட்டு. அதில் கடுகைவிடப் பெரிய நீல மணிகள்.

இன்ஸ்பெக்டர் எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தார்.

"காணாமப் போனது என்ன?"

பதில் சொன்னவர் காப்பாட்சியர் சுதேஷ்ணா குஹா. ஐம்பதை நெருங்கும் பெண்மணி. சேகரிப்பு முழுவதும் அவருடைய பொறுப்பில்தான். "காந்தான்னா பழைய புடவைகளை அடுக்கித் தைச்ச விரிப்பு ஸார். நடுவுல பெரிய தாமரை. ஹரிசாதன் பிஸ்வாஸ்னு ஒரு பெரியவரோட அம்மா குல்னாவுல இருந்தப்போ தைச்சது. பிரிவினையப்போ அந்தப் பக்கத்துலேர்ந்து கிளம்பி வரும்போது அதைத்தான் உடம்புல சுத்திக்கிட்டு வந்தாங்களாம். ரெண்டு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கினேன். பத்திரமா வெச்சிருப்பேன்னு வாக்குக் கொடுத்து வாங்கினேன்."

"கடைசியா யார் பார்த்தது?"

"ஒரு வாரமா மூடியிருக்கோம். இன்னிக்குப் பதினொரு மணிக்குப் புதுக் கண்காட்சி திறப்பு. ஹரிசாதன் பாபுதான் திறக்கறார்." ஒதுங்கிக் கிடந்த திரையைக் காட்டினார். "திரை போட்டே இருந்ததால யாரும் பார்க்கலை."

"ராத்திரி காவல்?"

வாசற்படியில் ஒண்டி நின்றிருந்த நிமாய் ஹாஜ்ரா ஓரடி முன்னால் வந்தான். மூடிய சணல் ஆலையிலிருந்து வந்து ஆறு வருடமாக இங்கே காவல் பார்ப்பவன். கையில் சாவிக்கொத்து. சுதேஷ்ணாவை அவன் கூப்பிடுவது 'தீதி', அக்கா, என்றுதான்.

"நான்தான் பாபு. ராத்திரி முழுக்க இங்கேதான் இருந்தேன். தீதியைக் கேளுங்க, ஒருநாள் லேட்டா வந்ததில்லை."

"முழுக்க?"

"முழுக்க."

இன்ஸ்பெக்டர் ஜன்னலை எட்டிப் பார்த்தபடி, போகிற போக்கில் கேட்டார். "நேத்து மேட்ச் எப்படி இருந்தது?"

"அதை ஏன் கேக்கறீங்க பாபு. கடைசி நிமிஷத்துல அந்தப் பெனால்டியைப் போய் அவங்களுக்குக் குடுத்து..." நிமாய் நிறுத்தினான்.

கூட வந்திருந்த கான்ஸ்டபிள் கேஷ்டோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கால்பந்தில் அவர் மோகன் பகான் ரசிகர். "ஈஸ்ட் பெங்கால் ஆளா நீ? மூஞ்சியைப் பார்த்தப்பவே நினைச்சேன். ஜெயிச்சதுக்கு நேத்து எங்க வீட்டுல இறால். ஜெயிச்சா சமைக்கலாம்னு உங்க வீட்டுல ஹில்சா மீன் வாங்கினது வீணாப் போச்சா?"

"இந்த வீட்டுல டிவி இல்லையே நிமாய்," என்றார் இன்ஸ்பெக்டர். "எங்கே பார்த்தே?"

நிமாயின் தலை கவிழ்ந்தது. "முனை டீக்கடையில. ரெண்டு மணி நேரம். கதவைப் பூட்டிட்டுத்தான் போனேன். இந்த ஒரு மேட்சுக்குத்தான் பாபு. தீதி, சொல்லாமப் போனது தப்புதான். என்னாலதான் போச்சு. அந்தப் பெரியவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

சுதேஷ்ணா அவனைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொன்னான், சாவியும் இவன்கிட்ட," என்றார் கேஷ்டோ. "ஜீப்புல ஏத்திடலாமா ஸார்?"

"கீழே உட்கார வை."

"அவரை விட்டுடுங்க ஸார்," என்று சுதேஷ்ணா சட்டென்று சொன்னார். "அவர் அப்படிப்பட்டவர் இல்லை."

"அப்போ வேற யாரு?"

சுதேஷ்ணா பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒருமுறை திருட்டுக் கேஸில் ஸ்டேஷன் வாசலை மிதித்தவன் கையில் அந்தப் பேட்டையில் யாரும் மறுபடி சாவி கொடுக்க மாட்டார்கள். அது அந்தக் கூடத்தில் இருந்த நான்கு பேருக்குமே தெரியும்.

மணி ஒன்பதேகால். இன்ஸ்பெக்டர் பெட்டியருகே குனிந்தார்.

"இந்த நீல மணி என்ன மேடம்? என் பையனோட ஷூ டப்பாவுல சின்னப் பொட்டலமா வரும், அதுவா?"

"அதேதான். பெட்டிக்குள்ள இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். மழைக்காலத்துல இது இல்லேன்னா தந்தம் வெடிச்சிடும், பலகைச் சித்திரம் உரிஞ்சிடும்." சேகரிப்பைப் பற்றிய பேச்சு என்றதும் அவருடைய குரல் தெளிந்துவிட்டது. "ஈரம் குடிச்சா ரோஸ் கலராயிடும். அப்புறம் அடுப்புல வெச்சு உலர்த்தினா மறுபடி நீலம்."

"ஈரம் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூடின பெட்டியில பத்து நாள் தாங்கும். வெளியில வெச்சா இந்த மழைக்கு..." அவர் பேச்சு பாதியில் நின்றது.

இன்ஸ்பெக்டர் வற்புறுத்தவில்லை. "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கீழே நிமாய் பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கேஷ்டோ ஒரு பீடியை முடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து மாடிக்குப் போனியா?"

"மேட்சுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி போனேன் பாபு. எல்லா ஜன்னலையும் நானே தாழ் போட்டேன்."

"திரையைத் தூக்கிப் பார்த்தியா?"

"தீதி திரையைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தொடமாட்டேன். திரைக்குக் கீழே அந்தத் தட்டு மட்டும் தெரியும். நகுல்தானா மிட்டாய் மாதிரி இருக்கும், எடுத்து வாயில போட்டுக்கலாம்போல."

"என்ன கலர்ல இருந்தது?"

"ரோஸ். நல்ல ரோஸ். மாத்தணும் தீதின்னுகூடச் சொன்னேனே."

கேஷ்டோ பீடியை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காலையில மேடம் எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"ஏழரை இருக்கும். வந்ததும் டீ வாங்கிட்டு வரச் சொன்னாங்க. ஆச்சரியமா இருந்தது. எப்பவும் வீட்டுலேர்ந்து ப்ளாஸ்க்ல கொண்டு வருவாங்க, கடை டீ ஆகாது. திரும்பி வந்தா, மேலேர்ந்து கூப்பிடறாங்க, எல்லாம் போச்சு நிமாய்னு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்த டீயை யாரும் குடிக்கலை பாபு. அதோ இருக்கு."

ஜன்னல் விளிம்பில் இரண்டு மண்குவளைகள். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் படியின் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் மேலே வாங்க."

மாடியில் சுதேஷ்ணா அதே இடத்தில் நின்றிருந்தார்.

"நேத்து ராத்திரி திருடன் வரலை," என்றார் இன்ஸ்பெக்டர். "ராத்திரி ஜன்னல் திறந்திருந்தா இந்தக் கூடம் குளமாயிருக்கும். இங்கே ஒரு முறம் அளவு ஈரம்தான் இருக்கு. இது காலையில திறந்த ஜன்னல்."

கேஷ்டோ தரையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"கண்ணாடியை உடைச்சவர், உடைக்கறதுக்கு முன்னாடி சீப்பையும் பலகையையும் பின்மூலைக்குத் தள்ளி, கீழே மஸ்லின் விரிச்சிருக்கார். சில்லு படக்கூடாதுன்னு. இருபது வருஷத்துல இப்படி அக்கறையான திருடனை நான் பார்த்ததில்லை. இருந்தாலும், யாரோ ரசனையுள்ள ஆள்னு சொல்லித் தப்பிக்கலாம். ஆனா இந்த மணியை வெச்சுத் தப்பிக்க முடியாது."

அவர் தட்டைச் சுட்டிக் காட்டினார்.

"நேத்து சாயங்காலம் இது ரோஸ். இன்னிக்கு நீலம். ராத்திரியோட ராத்திரியா ஒரு திருடன் பெட்டியை உடைச்சு, விரிப்பை எடுத்துக்கிட்டு, உலர்த்தின புது மணியையும் கொட்டிட்டுப் போவானா? அப்படியே கொட்டியிருந்தாலும், உடைஞ்ச பெட்டியில விடிய விடிய இந்த மழைக்கு அது நீலமாவே இருக்குமா? காலையில, நிமாய் டீக்குப் போன அந்தக் கொஞ்ச நேரத்துல, அடுப்புல உலர்த்தின மணி இந்தத் தட்டுக்கு வந்திருக்கு. அப்போ வீட்டுல இருந்தவர் ஒருத்தர்தான், மேடம்."

நிமாய்க்கு முதலில் புரியவில்லை. தீதி மறுத்துப் பேசுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுதேஷ்ணா மறுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பெட்டியை உடைச்சா ஈரம் உள்ளே போகும்," என்றார். "சீப்பு என்ன பாவம் பண்ணிச்சு? ரோஸ் மணியோட அதை அப்படியே விட்டுட்டு வரக் கை வரலை. கை தானா மாத்திடுச்சு ஸார்."

"விரிப்பு?"

"விக்கறதுக்கு எடுத்தேன்னு நினைக்காதீங்க."

"நினைக்கலை. விக்கறவங்களா இருந்தா தந்தச் சீப்பைத்தான் முதல்ல எடுத்திருப்பீங்க. என்ன ஆச்சு அதுக்கு?"

வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. விரிப்பின் நடுவில் பழைய பழுப்புக் கறை ஒன்று இருந்தது. திறப்பு விழாவுக்குள் அதைப் போக்கிவிடலாம் என்று ஆசை. நனைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நூலிலும் ஈரப் பஞ்சை ஒற்றி, சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் முறை. பார்த்தார்.

"ஓரத்துச் சிவப்புல பார்த்தேன். போகலை. சிவப்புன்னா ஒரே சிவப்புன்னு நினைச்சுட்டேன். காந்தாவுக்கு நூல் கடையில வாங்க மாட்டாங்க ஸார், பழைய புடவைக் கரையிலேர்ந்து உருவுவாங்க. எத்தனையோ பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கேன். அந்த அம்மா ரெண்டு புடவையிலேர்ந்து உருவியிருக்காங்க. தாமரை வேற புடவைச் சிவப்பு. தண்ணி பட்டதும்..." கைகளை விரித்துப் பார்த்தார், இன்னும் அந்தச் சாயம் அதில் இருப்பதுபோல. "தாமரை முழுக்க ஓடிடுச்சு. அதுவரைக்கும் எண்பது வருஷம் ஒண்ணும் ஆகலை. என் கையில வந்து ஆச்சு."

"திருடு போச்சுன்னா அவர் தாங்கிப்பார்னு நினைச்சீங்க."

"என்னைத் திட்டாம இருப்பார்னு நினைச்சேன். அதுதான் உண்மை."

இன்ஸ்பெக்டர் சுவரோரமாகப் படச்சுருள்கள் வைத்திருந்த நீள அலமாரியைப் பார்த்தார்.

"அதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்க. மடிச்சு ஒளிச்சிருக்கவும் மாட்டீங்க, மடிப்புல நூல் இத்துப்போகும்னு உங்களுக்குத் தெரியும். சுருட்டித்தான் வெச்சிருப்பீங்க. அந்தப் படச்சுருள் அலமாரியிலதானே?"

சுதேஷ்ணா தலையசைத்தார்.

"சீப்புக்கு ஈரம் படக்கூடாதுன்னு மணி மாத்தினீங்க. பலகையில சில்லு விழக்கூடாதுன்னு துணி விரிச்சீங்க." இன்ஸ்பெக்டரின் குரல் உயரவில்லை. "இந்த ஆளை எங்கே தள்ளி வெச்சீங்க மேடம்? ஜீப்புல ஏத்தட்டுமான்னு கேஷ்டோ கேட்டப்போ, உண்மையைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம் போதும்."

சுதேஷ்ணாவால் நிமிர முடியவில்லை. "அவர் மேட்சுக்குப் போவார்னு எனக்குத் தெரியும்," என்றார் மெல்ல. "காவல் இல்லாதப்போ திருடு போச்சுன்னு எல்லாரும் நம்புவாங்க. அதனாலதான் இன்னிக்கு."

நிமாயின் கையிலிருந்த சாவிக்கொத்து ஒருமுறை சலசலத்து அடங்கியது.

"புகார் இன்னும் எழுதலை," என்றார் இன்ஸ்பெக்டர். "அறங்காவலர்கள்கிட்ட என்ன சொல்லணுமோ நீங்களே சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்லுவேன். பெரியவர்கிட்ட பதினொரு மணிக்கு. ஆனா, அதுக்கு முன்னாடி இவர்கிட்ட."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பின்னால் வந்த கேஷ்டோ வாசலில் தயங்கி, நிமாயின் தோளில் ஒருமுறை தட்டினார். "அது பெனால்டியே இல்லைப்பா," என்றார்.

கூடத்தில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"நிமாய், நான்..." சுதேஷ்ணாவுக்கு அதற்கு மேல் வரவில்லை. அவன் பெயரை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, வெள்ளைத் துணி சுற்றிய நீளச் சுருளை இரு கைகளிலும் ஏந்தி வெளியே எடுத்தார். தனியாக விரிக்க முடியாத நீளம் அது.

கீழே வாசலில் யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது. பெரியவர் முன்னதாகவே வந்துவிட்டார்.

நிமாய் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். மூலைக் குழாய்க்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தான். சேகரிப்பில் எதைத் தொடுவதானாலும் அப்படிச் செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சுதேஷ்ணாதான். வந்து, சுருளின் மறுமுனையைப் பக்குவமாக ஏந்திக்கொண்டான்.

மரப்படிகளில் கைத்தடி தட்டிக்கொண்டு மேலே வந்தது.

"பிடிச்சிட்டேன்," என்றான் நிமாய். "விரிங்க, மேடம்."