சுகந்தியின் பத்துக்குப் பத்து

செவ்வாயின் பதினோராம் குடியிருப்பில் அன்றும் விடிந்ததும் எல்லோரும் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். நிலத்தடிப் பொது அறைக்குத் தூங்கப் போகும்போது சுவர்களைச் செந்தூளாக்கிக் குடுவையில் அடைத்துவிடுவது அங்கே வழக்கம், வெப்பம் மிச்சமாகும். காலையில் கட்டுநன் என்ற மென்பொருள் பத்தே நிமிடத்தில் அடுக்களையும் கூடமும் எழுப்பித் தரும்.

சுகந்திக்கு அன்று கூடுதலாக ஓர் அறை வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார, தனக்கே தனக்கென்று. பத்துக்குப் பத்து இடம் அவள் பெயரில் ஒதுக்கி ஆறு மாதமாகிறது. அன்றோடு கெடு முடிகிறது; காலை ஒன்பது மணிக்குள் அறை எழும்பாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பழைய சாமான் போட எடுத்துக்கொள்வார்.

கட்டுநனோ ஏழாவது முறையாக, ‘கட்டளை புரியவில்லை’ என்றது.

இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதும் முறைக்குக் கட்டளையுறை என்று பெயர். அல்லி, வேங்கை என்று இரண்டு உண்டு; ஓர் உறையில் எழுதுவது மற்றதில் செல்லாது. சுகந்தி எழுதியது அல்லி உறையில். கட்டுநன் அவளை வேங்கை உறைக்காரி என்று முடிவு கட்டியிருந்தது.

சேவை மையத்து ரெஜினா திரையில் வந்தாள்.

“உங்க வீட்ல வேங்கைல எழுதறது யாரு, அக்கா?”

“எங்க வீட்டுக்காரர். பனிச்சுரங்கத்துக்குப் போயிட்டாரு.”

“அதான். வீட்டுக் கட்டளை எழுதற முதல் பலகை அவரு பேர்ல இருக்கு. கட்டுநன் எழுதறது யாருன்னு பாக்காது, பலகை யாரோடதுன்னுதான் பாக்கும்.”

“எதிர்ல நிக்கிறவள ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிடும்? நான் என்ன அவரு தோள்ல மாட்டின பையா?”

ரெஜினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மாத்திட்டேன்க்கா. இனிமே எதுன்னாலும் உங்களத்தான் கேக்கும். மணி எட்டு அம்பது, சீக்கிரம்!”

‘நீங்கள் எந்த உறையில் எழுதுகிறீர்கள்?’ என்று கட்டுநன் கேட்டது.

யாராவது தன்னிடம் இப்படி நேராகக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சுகந்தி ‘அல்லி’ என்று ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினாள். செந்தூள் சுழன்று எழுந்தது. மூன்று சுவர்கள் நின்றன.

‘ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும்?’

அவளுக்கு மலைப்பக்கம்தான் ஆசை. விரல் அங்கே போய், தொடாமல் நின்றது.

“இரு, இரு. அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்.”

‘ஆகட்டும்’ என்ற கட்டுநன், அவள் பெயருக்கு எதிரே மறுபடியும் வேங்கை என்று குறித்துக்கொண்டு, சுரங்கத்துக்குச் செய்தி அனுப்பிக் காத்திருந்தது.

ஒன்பது ஐந்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முதல் மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது.

“ஜன்னலா? இதப் போய் என்னக் கேப்பாங்களா? ஒனக்குப் பிடிச்ச பக்கம் வச்சுக்க.”