இரண்டு பத்துக்கு விழுந்த சர்வர்

மதியம் 2:10. தீவிர சிகிச்சைப் பிரிவின் ஆறு படுக்கைகளையும் சர்வர் வழியாக ஒருசேரக் காட்டும் பெரிய திரை சட்டென்று இருண்டது. 2:21க்கு அது மீண்டும் ஒளிர்ந்தபோது நான்காம் படுக்கையின் லாரி ஓட்டுநர் இறந்துபோயிருந்தார். வயது நாற்பத்திரண்டு.

3:40க்கு இன்ஸ்பெக்டர் வந்து சேர்வதற்குள், பழி யார் தலையில் என்பது முடிவாகியிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை நிர்வாகி விரலால் தட்டிக் காட்டினார்.

'இன்று முதல் சர்வரில் அப்டேட்கள் தானாகவே நிறுவப்படும். தேவைப்பட்டால் மதியம் 2:10க்கு சர்வர் தானாக அணைந்து மீண்டும் இயங்கும்.' கீழே கம்ப்யூட்டர் பொறுப்பாளரின் கையெழுத்து.

"உயிர் ஊசலாடுற இடத்துல பட்டப்பகல்ல ரீஸ்டார்ட்டாம். இதுக்கு மேல என்ன மேடம் விசாரணை?"

இன்ஸ்பெக்டர் அம்மாள் பொறுப்பாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன் 2:10?"

"ராத்திரி விழுந்தா தூக்கிவிட ஆள் இருக்காது மேடம். அந்த நேரம் ரெண்டு ஷிப்ட் நர்ஸும் இருப்பாங்கன்னு வச்சேன். தலைமை சிஸ்டர் காலையில சத்தம் போட்டாங்க. அப்டேட் மட்டும் இறங்கட்டும், ரீஸ்டார்ட் தானா வேணாம்னு மாத்திட்டேன்."

"சுற்றறிக்கை?"

"சாயங்காலம் மாத்தி ஒட்டலாம்னு விட்டுட்டேன்."

"செட்டிங்கை மாத்தினது நிச்சயமா?"

"மாத்தினதா ஞாபகம். ஆனா சொன்ன நேரத்துக்கு விழுந்துச்சே! என் கையாலதான் அவர் செத்தாரு."

அடுத்து தலைமை நர்ஸ்.

"மாத்தியாச்சுன்னு எனக்கு மட்டும் போன் பண்ணிச் சொன்னாரு மேடம். நான்தான் மத்தவங்ககிட்ட சொல்லாம விட்டேன்."

"2:10க்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"1:40லேர்ந்து பக்கத்து ரூம்ல எல்லாரும் ஷிப்ட் மாத்திட்டிருந்தோம். அலாரம் அடிச்சா காது கிழியும். அடிக்கலை."

"உள்ளே?"

"டாக்டர் மட்டும். பாவம், நேத்து காலையிலேர்ந்து டியூட்டி. மாத்த ஆள் வரலை."

சர்வர் அறைக்குச் சாவிகள் மூன்று. பொறுப்பாளர், தலைமை நர்ஸ், டியூட்டி டாக்டர் ஆகியோரிடம் ஒவ்வொன்று.

4:30. சர்வரின் பதிவேட்டைப் பொறுப்பாளர் திரையில் திறந்தார். 11:31, தானாக ரீஸ்டார்ட் செய்வது ரத்து. அன்று வந்த அப்டேட்கள்: எதுவுமில்லை.

"ஒழுங்கா அணையும்போது ஏதாவது எழுதி வைக்குமா?"

"ஒவ்வொண்ணா நிறுத்தினதை எழுதிட்டுத்தான் அணையும்." அவர் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். "இதுல 2:10க்குப் பாதியிலேயே நிக்குது. கரண்ட் போனா இப்படித்தான் நிக்கும். ஆனா இன்னிக்குக் கரண்ட் போகலையே..."

இன்ஸ்பெக்டர் நான்காம் படுக்கைக்குப் போய், தலைமாட்டு மானிட்டரின் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

5:15க்குச் சாவிக்காரர்கள் மூவரையும் டியூட்டி அறைக்கு அழைத்தாள்.

"அப்டேட் யாரையும் கொல்லலை. யாரோ சர்வரோட பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க. அப்டேட் மேல பழி போடத்தான் சரியா 2:10க்குப் பிடுங்கியிருக்காங்க. ஆனா அந்த நேரம் ரத்தாயிடுச்சுன்னு இவருக்கும் சிஸ்டருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருத்தர்தான். மெஷின் செட்டிங்கைத்தான் படிக்கும். சுவத்துல இருந்த காகிதத்தைப் படிச்சது நீங்க, டாக்டர்."

டாக்டர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"தலைமாட்டு மானிட்டருக்குத் தனி நினைவு இருக்கு. 1:41க்கு அலாரத்தை நிறுத்தியிருக்கீங்க. 1:58க்கு இதயம் நின்னிருக்கு. நீங்க எழுதின மரண நேரம் 2:18."

டாக்டர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். "காலையிலேர்ந்து அம்பது தடவை சும்மா சும்மா அடிச்சுது. ஒயர் லூஸுன்னு நினைச்சேன். அஞ்சு நிமிஷம் கண்ணை மூடலாம்னு... முழிச்சப்ப 2:06. சுவத்துல அந்தப் பேப்பரைப் பார்த்தேன்."

பொறுப்பாளர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யாரும் தடுக்கவில்லை.

வராந்தாவில் ஓட்டுநரின் மனைவி மடியில் அவருடைய சட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவளை இன்ஸ்பெக்டர் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

"ஏதோ மெஷின் கெட்டுப்போச்சுன்னாங்களே அக்கா?"

"மெஷின்ல தப்பில்லைம்மா." எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள்.

அவள் எதிரிலிருந்த கண்ணாடிக் கதவையே பார்த்தாள்.

"உள்ளே வரக்கூடாதுன்னு சொன்னாங்க. காலையிலேர்ந்து இந்த பெஞ்சுலதான் இருக்கேன். ஒரு சத்தம் கேட்டிருந்தா, கதவை இடிச்சாவது ஓடியிருப்பேனே அக்கா."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.