நடுவே ஓர் எடை

எலுமிச்சம்பழம் மறுபடியும் அந்த இடத்துக்கே உருண்டு போனது. ஹேமாவதி அதை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் சில நாட்களாகவே கை தவறி விழுந்த வெங்காயம், பேனா மூடி, மகள் மோனிஷாவின் பந்து எல்லாமே சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் அந்த ஒரே இடத்தில்தான் போய் நின்றன. தரையில் சாய்வு கிடையாது. அவள் கணவன் ஆனந்தன் கொத்தனாரைப் படாதபாடு படுத்தி, மட்டம் பார்த்துப் பார்த்துப் போட்ட டைல்ஸ் அது. அந்த இடத்தில் உட்கார்ந்துதான் அவன் சாப்பிடுவான். போன மாதம் வேலை முடிந்து திரும்புகையில், மணவூர் ஸ்டேஷன் தாண்டி ரயிலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

ஹேமாவதிக்கு வேலை வானத்தில். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்காக, தொலைநோக்கிகள் எடுத்த படங்களை வீட்டிலிருந்தே அலசி, 'டார்க் மேட்டர்' என்கிற இருண்ட பொருளைத் தேடுகிறவள். அதற்கு ஒளியும் இல்லை, நிழலும் இல்லை. எடை மட்டும் உண்டு. அதை நேராகப் பார்க்க முடியாது. சுற்றியிருப்பவை எந்தப் பக்கம் இழுபடுகின்றன, பின்னாலிருந்து வரும் வெளிச்சம் எங்கே வளைகிறது என்று பார்த்துத்தான் அது நடுவில் நிற்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "இல்லாததத் தேடறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு கம்ப்யூட்டரு" என்று ஆனந்தன் கிண்டல் செய்வான். கிண்டல் செய்துகொண்டே காபியும் போட்டுத் தருவான்.

அதனால் அந்த இடத்தில் இருப்பது யார் என்று வேறு யாரையும்விட அவளுக்குச் சீக்கிரம் புரிந்தது. புரிந்ததும் பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷம்தான் வந்தது. இரவுகளில் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள். காற்றே இல்லாத அறையில் முந்தானை தானாக அந்தப் பக்கம் நகர்ந்தபோது, அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

எலுமிச்சம்பழம் உருண்ட அன்று சாயங்காலம் நாத்தனார் சுதா தோசை மாவு கொண்டுவந்தாள். ஆனந்தனின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தவள், தீக்குச்சியை உதறி அணைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஹேமா, ஜன்னல்லாம் சாத்திக்கினு இருக்குது. பொக மட்டும் ஏன் அங்க போவுது?"

"தெரியும்க்கா."

"எப்பத்துலேர்ந்து?"

"காரியம் முடிஞ்சதுலேர்ந்து."

இருவருக்கும் ஒரே நினைவுதான். சாவு வீட்டில் 'வரேன்' என்ற சொல்லுக்கு இடமில்லை; துக்கத்துக்கு வந்தவர்கள்கூடச் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போவார்கள். அப்படிப்பட்ட வாசலில், ஆனந்தனைத் தூக்கியபோது, தினமும் அவனைக் காலை ரயிலுக்கு அனுப்பிப் பழகிய ஹேமாவதியின் வாய், "போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டது. சுதா ஓடிவந்து வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன செய்ய, சொல் வெளியே போய்விட்டிருந்தது.

"வான்னு கூப்ட்டது நீ. போன்னும் நீதான் சொல்லணும்" என்றாள் சுதா. "என் கூடப் பொறந்தவன். எனக்கு மட்டும் வலிக்கலியா? ஆனா புள்ளையப் பாரு. எப்டி சாஞ்சிக்கினு நிக்குது."

மோனிஷா மேசைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள். இல்லை, நின்றாள் என்று சொல்ல முடியாது. அவ்வளவு சாய்ந்தால் யாராக இருந்தாலும் விழுந்துவிடுவார்கள். அவள் விழவில்லை. இரண்டு ஜடைகளும் தொங்காமல் வெறும் இடத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன.

"நைனா இழுக்குது" என்றாள், சிரித்துக்கொண்டு.

"புள்ளையயாவது என்கூட அனுப்பு."

"நாளைக்குச் சொல்லிடறேங்க்கா. இன்னிக்கி ஒரு நாள் இருக்கட்டும்."

சுதா மாவுப் பாத்திரத்தைச் சமையல்கட்டில் வைத்தாள். பிறகு சொல்லிக்கொள்ளாமலே போனாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. மோனிஷாவை அறையின் அந்தக் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, ஹேமாவதி இந்தக் கோடிக்கு வந்து தீப்பெட்டியை அலமாரியில் வைத்தாள். மின்விசிறி ஓய்ந்த வீட்டில் டைல்ஸ் ஒவ்வொன்றாக நெரிபடும் மெல்லிய சத்தம் கேட்டது. ரயில் இரும்பின் வாடையும் அவன் சட்டை வியர்வையும் வந்து, அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் தெளித்த சாம்பலின் வாடையும் வந்தது. ஊருக்கு மேலே மலைக்கோயிலில் ஜெனரேட்டர் உண்டு. கோயில் படிக்கட்டு விளக்குகள் ஜன்னலில் நேர்வரிசையாகத் தெரிந்தன. அவள் பார்க்கப் பார்க்க அந்த வரிசை நடுவில் வளைந்து வில்லானது.

வில் நகர்ந்தது. அந்த இடத்தை விட்டு, முதல்முறையாக.

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மோனிஷாவின் கன்னம் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. பிறகு இரண்டு மோனிஷா. பிறகு இரண்டும் நீண்டு, நுனிகள் தொட்டு, ஒரே வளையமாயின. மெழுகுவர்த்தியின் மஞ்சள், கண்ணின் கறுப்பு, பல்லின் வெள்ளை எல்லாம் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு. நடுவில் ஒன்றுமில்லை.

இதே வளையத்தைப் படங்களில் கண்டு துள்ளிக் குதித்திருக்கிறாள். பார்ப்பவர், எடை, பின்னால் இருக்கும் ஒளி மூன்றும் ஒரே கோட்டில் நின்றால்தான் அது வரும்.

வளையம் பெரிதாக இருந்தது. அதாவது, அது அவளுக்கு மிகப் பக்கத்தில் நின்றது. அவள் தலைமயிர் முன்பக்கமாக எழுந்தது. அந்த எடையில் ஆனந்தன் எவ்வளவு மிச்சமிருந்தான் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூச்சில்லை. குரலில்லை. எடை மட்டும் இருந்தது.

"போய்டுங்க" என்றாள். "வர வேணாம். எங்கள விட்டுப் போய்டுங்க."

சொன்னதைக் கேட்டது. மயிர் தளர்ந்து தோளில் விழுந்தது. வளையம் சுருங்கத் தொடங்கியது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது.

வளையம் இரண்டு விதமாகச் சுருங்கும். எடை குறைந்தால் சுருங்கும். எடை குறையாமல், பார்ப்பவரை விட்டு விலகிப் பின்னால் இருப்பதை நெருங்கினாலும் சுருங்கும்.

டைல்ஸ் நெரிபட்டது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. சத்தம் குறையவில்லை. தள்ளிப் போனது.

"மோனி. எந்திரி. அத்த வூட்டுக்கு ஓடு."

ஹேமாவதி மகளை நோக்கிக் கையை நீட்டினாள். வளையம் தட்டளவு. வளையல் அளவு. மோதிரம்.

பிறகு வளையமே இல்லை. கண் இருக்கும் இடத்தில் கண், மூக்கு இருக்கும் இடத்தில் மூக்கு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மோனிஷா முழுதாக, நேராக, அழகாகத் தெரிந்தாள். வேறு யார் பார்த்தாலும் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். அவள் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அவளுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியின் நாலு கால்களும், பெரிய ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் விரிவது போல, மெல்ல வெளிப்பக்கமாக விரிந்துகொண்டிருந்தன.