கருவறைக்குள் கலந்தவர்

“கலந்துட்டார்!”

தெருவில் யாரோ அலறினார்கள்.

அவள் வேலைக்குப் போவதற்காகச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர். ஊரில் எவர் அலறினாலும் பதறாமல் எங்கே, என்ன, எப்படி என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள்.

அந்த அலறல் அவள் வாசலுக்கே வந்து நின்றது.

கோயில் பூக்கடைக்காரர்! மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, கூப்பிய கையோடு நிலைப்படியிலேயே மண்டியிட்டார்.

“அம்மா... உங்க வீட்டுக்காரர் ஜோதியில கலந்துட்டாரும்மா.”

அவள் வாயில் பழக்கதோஷத்தில் அந்தக் கேள்விதான் வந்தது.

“மூச்சு இருக்கா?”

பூக்கடைக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஆளே இல்லம்மா.”

*

டயர் கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நின்ற கோயில் அது. கதவடைத்த ஈஸ்வரர் கோயில். அவள் கணவர்தான் அர்ச்சகர்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. தெருவில் எந்தக் குழந்தையைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

முன்னொரு காலத்தில் எண்ணெய் வியாபாரி ஒருவர் இருந்தார். தன் செக்கில் ஆட்டிய எண்ணெயைத் தினமும் கோயில் விளக்குக்குக் கொண்டுவந்து ஊற்றுவார். வேண்டாதவர்கள் சும்மா இருப்பார்களா? ‘இவன் கோயில் எண்ணெயைத்தான் திருடி விற்கிறான்’ என்று அரசனிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். காவலர்கள் துரத்தினார்கள். வியாபாரி நேரே கருவறைக்குள் ஓடினார். ‘நான் திருடன் என்றால் என்னைப் பிடித்துக் கொடு. இல்லையென்றால் நீயே கதவைச் சாத்து’ என்றார்.

கதவு சாத்திக்கொண்டது!

உடைத்துத் திறந்தபோது உள்ளே அவர் மேல்துண்டு மட்டும் கிடந்தது. விளக்கு மட்டும் ஆளுயரத்துக்கு எரிந்தது.

இன்று உச்சிக்கால பூஜையிலும் அதேதான் நடந்திருக்கிறது. அர்ச்சகர் உள்ளே போனார். கதவு உள்பக்கம் தாழிட்டுக்கொண்டது. மணிச் சத்தம் நின்றது. கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. தர்மகர்த்தா ஆள் வைத்துக் கதவைப் பெயர்த்தார்.

மேல்துண்டு கிடந்தது.

விளக்கு எரிந்தது.

ஜன்னல் இல்லாத, வேறு வாசல் இல்லாத, ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அந்த அறையில்... அவர் இல்லை!

*

கோயில் வாசலில் கூட்டம். அவளைப் பார்த்ததும் வழிவிட்டது. வழிவிட்ட கையோடு விழுந்து கும்பிட்டது.

அவளுக்குக் கால் கூசியது. விலகினாள். விலகிய பக்கமும் விழுந்தார்கள்.

தர்மகர்த்தா எதிரே வந்தார். சிமெண்ட் வியாபாரி. மனிதர் முகமெல்லாம் வியர்வை.

“தங்கச்சி, நீ கொடுத்து வெச்சவ. இப்படி ஒரு பாக்கியம் யாருக்கு வாய்க்கும்?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

முந்தாநாள் காலை காபி குடிக்கும்போது கணவர் சொன்னது காதுக்குள் ஓடியது. தினமும் தொட்டுக் குளிப்பாட்டுகிற கைக்குத் தெரியாதா, ஐம்பொன் மூர்த்தி கனம் குறைந்திருக்கிறது, யாரோ சிலையை மாற்றிவிட்டார்கள் என்றார். இரவில் கோயில் சாவி தர்மகர்த்தாவிடம்தான் இருக்கிறது என்றார். இவள், தூக்கம் கெட்டுப் பேசுகிறார் என்று நினைத்து இரண்டாவது டம்ளரை நீட்டினாள். அதை வாங்காமல் அவர் ஒன்று சொன்னார்.

“எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அந்த ஆளை விடாதே.”

*

இன்ஸ்பெக்டருக்கு ஊதுபத்திப் புகை ஆகாது. கோயிலுக்குள் நின்ற நேரமெல்லாம் தும்மினார். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் ஸ்டேஷனுக்கே போய் அவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சிலை விஷயம், சாவி விஷயம், காபி நேரத்துப் பேச்சு, எல்லாவற்றையும் சொன்னாள். ஆளைக் காணவில்லை என்றாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

“காணாமப் போனா தேடலாம்மா. கலந்துட்டா எங்கே போய்த் தேடறது?”

“அவரைக் கொன்னுட்டாங்க சார்.”

“உடம்பு?”

“கிடைக்கலை.”

“ரத்தம்?”

“அதுவும் இல்லை.”

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வாசலில் நிற்கிற கூட்டத்தைக் காட்டி, இந்த நேரத்தில் தர்மகர்த்தாவைக் கூட்டிவந்து விசாரித்தால் என் ஸ்டேஷன் கூரை மிஞ்சாது என்று மெல்லச் சொன்னார். கடைசியில், அவள் எழுந்தபோது, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அவர் மகளுக்கு ரொம்ப நாளாக வரன் தட்டிப் போகிறதாம். இவள் கையால் கொஞ்சம் விபூதி...

அவள் படியிறங்கி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். முட்டிக்கொள்ளவும் சுவர்தான், பிடித்துக்கொள்ளவும் சுவர்தான்.

*

வீட்டில் மாமியார் கூடத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள். மாமியார் அழவில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம்.

“அத்தை, அவரை யாரோ...” என்று ஆரம்பித்தாள்.

மாமியார் அவள் வாயைப் பொத்தினார். அவன் பிறந்தபோதே தனக்குத் தெரியும் என்றார். தொட்டிலில் அழாத பிள்ளை என்றார். பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களில் யாரும் அந்தத் தொட்டிலைப் பார்த்தவர்கள் இல்லை.

மற்றவர்கள் போனபிறகு மாமியார் அவளை அறைக்குள் இழுத்தார். வெளிச்சமெல்லாம் போய்விட்டது.

“அவன் சாமியாயிட்டான்னு இவங்க எல்லாம் சொல்றாங்க. நீ செத்துட்டான்னு சொல்றே. நான் எதைடி வெச்சுக்கறது? பெத்தவளுக்கு எது தாங்கும், சொல்லு.”

அத்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அழுவதற்குக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. ஜன்னலுக்கு வெளியே பஜனை நடந்துகொண்டிருந்தது. சாமியின் மனைவி அழலாமா?

அடுத்தடுத்த நாட்களில் எல்லாக் கதவையும் தட்டினாள். வக்கீல் கேட்டுவிட்டுக் கண்ணை ஒற்றிக்கொண்டார். பத்திரிகைக்காரன் அவள் சொன்னதை எழுதாமல் படத்தை மட்டும் போட்டான். அறநிலையத் துறை அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றே பேசினார். எல்லோரும் மரியாதை கொடுத்தார்கள். ஒருவர்கூடக் காது கொடுக்கவில்லை.

இதற்குள் தர்மகர்த்தா ஒரு முடிவெடுத்தார். அர்ச்சகர் கலந்த இடத்தில் தரையைச் சலவைக்கல்லால் மூடி, மேலே ஒரு அணையா விளக்கு வைப்பது. கல் வந்து இறங்கியது. சிமெண்ட் அவர் கடைச் சரக்கு.

தரையை மூடுகிறான்!

அவளுக்குள் ஏதோ படக்கென்று பற்றிக்கொண்டது. ஜன்னல் இல்லை. வேறு வாசல் இல்லை. அப்படியானால் மிச்சமிருப்பது... தரை. என் புருஷன் தரைக்குக் கீழே கிடக்கிறான்!

ஓடிப்போய்த் தோண்டச் சொன்னாள். கருவறையைத் தோண்டுவதா என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். துக்கம் மூளையைத் தொட்டுவிட்டது என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள்.

உண்மையைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவள், மறுநாள் காலை கோயில் நிரம்பியிருந்த நேரத்தில் வந்து சந்நிதிக்கு முன்னால் நின்றாள். தலைமுடியை அவிழ்த்து விட்டாள். வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

“அவர் கனவுல வந்தார். எனக்குக் கீழே இருட்டா இருக்கு, கல்லைத் தூக்குங்கன்னு சொன்னார்.”



அடுத்த நொடி கூட்டம் கடப்பாரை தேடி ஓடியது!

தர்மகர்த்தா குறுக்கே விழுந்து தடுத்தார். ஆகமம் என்றார், தோஷம் என்றார். மிதித்துக்கொண்டு போனார்கள்.

பீடத்துக்குப் பின்னால் ஒரு கல் ஆடியது. தூக்கினார்கள்.

கீழே படிகள்!

*

உடம்பு இல்லை.

அது ஒரு சுரங்கம். குனிந்து நடந்தால் டயர் கடைக்கு அடியில் போய், திரும்பி, ஒரு பலகைக்கு முன்னால் முடிந்தது. இன்ஸ்பெக்டர் தும்மிக்கொண்டே பலகையை உதைத்தார்.

தர்மகர்த்தாவின் சிமெண்ட் குடோன்.

மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஈரிழைத் துண்டு சுருட்டிக் கிடந்தது. பிரித்தால் காய்ந்த ரத்தம். பரிசோதனையில் அது அர்ச்சகரின் ரத்தம் என்று வந்தது. கையோடு மூர்த்தியையும் சோதித்தார்கள்.

ஐம்பொன் இல்லை. பளபளப்பு மாறாத புதுப் பித்தளை!

அப்புறம் என்ன? நேற்றுவரை தர்மகர்த்தாவுக்கு மாலை போட்ட கைகளே அவர் சட்டையைக் கிழித்தன. இன்ஸ்பெக்டர் அவரை ஜீப்பில் ஏற்றியதே உயிர் காப்பாற்றத்தான்.

ஸ்டேஷனில் கம்பிக்குப் பின்னாலிருந்து அவர் அவளைக் கூப்பிட்டார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“தங்கச்சி, சத்தியமா எனக்கு அந்த வழியே தெரியாது. அந்தப் பலகைக்குப் பின்னால சுவர்னு நெனச்சு, பக்கத்துல நாற்பது மூட்டை அடுக்கி வெச்சவன் நான். அவ்வளவுதான். நான் அவரைத் தொடலை.”

“அவர் உடம்பை எங்கே போட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க. கும்பிட்டுக் கேக்கறேன்.”

அவர் தலையைக் கம்பியில் சாய்த்து அழ ஆரம்பித்தார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

ஜெயித்தாகிவிட்டது. ஆனால் எதை? எரிக்க ஒரு உடம்பில்லை. வீட்டில் மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாமியாக இருந்த மகனையும் மருமகள் பிடுங்கிக்கொண்டாளே என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதோடு பேச்சு நின்றது.

வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. வேலைக்குத் திரும்பினாள்.

*

பட்டப்பகல். கட்டுப்பாட்டு அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டினாள். மூன்றாவது அழைப்போ நான்காவதோ.

“ஆம்புலன்ஸ் சேவை. எங்கேயிருந்து பேசறீங்க?”

லாரி டிரைவர் ஒருவர். நெடுஞ்சாலை, கல்குவாரி வளைவு. ஒரு வேன் கவிழ்ந்துவிட்டது. ஓட்டி வந்தவர் உள்ளே மாட்டியிருக்கிறார், காலை அசைக்க முடியவில்லை என்றார்.

“சுயநினைவு இருக்கா?”

“நல்லா இருக்கும்மா. ஆம்புலன்ஸ் வேண்டாம், போன் பண்ணாதேன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சறார்.”

“அதிர்ச்சியில அப்படித்தான் பேசுவாங்க. கால் மேல என்ன விழுந்திருக்கு? சீட்டா, கதவா?”

டிரைவர் தயங்கினார்.

“சாமிம்மா.”

“என்னது?”

“சாமி சிலை. சாக்குல சுத்தி வெச்சிருக்கார். என்ன கனம்! கவிழ்ந்ததுல இடுக்கிக் கிடக்கு, நானும் கிளீனரும் சேர்ந்தே நகர்த்த முடியலை. இது பித்தளை கித்தளை இல்ல, ஐம்பொன் மாதிரி தெரியுது.”

அவள் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

ஹெட்போனுக்குள், தூரத்தில், ஒரு குரல் முனகியது. ‘அய்யா, அந்த போனை வைய்யா...’

பல வருடங்களாக அவளிடம் காபி கேட்ட குரல்.

உயிரோடு இருக்கிறார்!

முதலில் வந்தது அதுதான். நெஞ்சு முட்ட, கண் இருட்ட, கடவுளே உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம். அது எவ்வளவு நேரம் நின்றது? ஒரு மூச்சு. அந்த மூச்சு வெளியே போகும்போதே மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தது. கனம் குறைந்த மூர்த்தி. விரலைக் கீறித் துண்டில் துடைத்த ரத்தம். தர்மகர்த்தா கைதாகட்டும், சாலையில் சோதனை ஓயட்டும் என்று எங்கோ பதுங்கிக் காத்திருந்த நாட்கள். முக்கியமாக, அந்தக் காபி நேரத்துப் பேச்சு.

எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டிருக்கிறார்! நம்புகிறவர்களுக்கு ஒரு ஜோதி. நம்பாதவளுக்கு ஒரு கொலைகாரன்.

பக்கத்து நாற்காலித் தோழி என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டாள். இவள் ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள். முதலில் வண்டியை அனுப்பினாள். கல்குவாரி வளைவு, கால் நசுங்கல், வெட்டும் கருவி தேவை. அடுத்து இன்ஸ்பெக்டரின் நம்பரை அழுத்தி, இடத்தைச் சொல்லி, உள்ளே ஒரு நிரபராதியைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள், என்னால்தான், உடனே திறந்து விடுங்கள் என்றாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. மறுமுனையில் தும்மல்கூட வரவில்லை.

பிறகு டிரைவரின் அழைப்புக்குத் திரும்பினாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பிவிட்டது, பயப்பட வேண்டாம், அதுவரை அடிபட்டவரைப் பேச்சில் வைத்திருக்க வேண்டும், போனை அவர் காதில் வையுங்கள் என்றாள்.

சரசரவென்று சத்தம். வலியில் இழுக்கிற மூச்சு.

“யா... யாரு?”

அவள் குரல் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த மாதிரியே, பதறாமல், நிதானமாக, கனிவாக இருந்தது.

“ஆம்புலன்ஸ் சேவைங்க. சொல்லுங்க... ஜோதியில எந்தப் பக்கம் வலிக்குது?”