நடக்கிற வேகம்

அன்ரனி கடலுக்குப் போய் அறுபத்திரண்டு மணித்தியாலங்கள் ஆகியிருந்தன. அவனுடைய ஜீபீஎஸ் கருவி வீட்டு மேசையில் கிடந்தது.

புத்தளம் பஸ்ஸிலிருந்து இறங்கி, மீனவக் கிராமமான எத்தாளையின் மணல் ஒழுங்கையில் பாதி ஓடியும் பாதி நடந்தும் வந்த டொறத்தி, அண்ணன் அன்ரனியுடைய வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்டது அதைத்தான். பூசைக்குப் போகும்போதும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவன் அவன்.

“மறந்திட்டுப் போயிட்டார்,” என்றாள் அவனுடைய மனைவி றோசமேரி. டொறத்தி இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

கருவியின் திரை இறந்திருந்தது. கேபிள் செருகும் துளையில் ஈரமான சிப்பி மணல். டொறத்தி அதை ஊசியால் கிளறி எடுத்து, மேசைக் கம்பியூட்டருடன் இணைத்தாள். கருவியின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. திரைதான் போயிருக்கிறது, உள்ளே பதிந்தவை இருக்கும். அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

இந்தக் கரையில் ஒருவன் தான் மீன் பிடிக்கும் ‘பார்’ எனப்படும் கடலடிக் கல்திட்டு எங்கே என்று கூடப் பிறந்தவனுக்கும் சொல்லமாட்டான். கருவியை யாராவது திருடினாலும் பயன்படாதபடி, போகாத இடங்களையும் குறித்து வைப்பான். அன்ரனி இருநூறு இடங்கள் குறித்திருப்பதாகப் பெருமை பேசியவன். அதில் நூற்றித்தொண்ணூறு பொய்யாக இருக்கும். அதனால்தான் இரண்டு நாட்களாக ஊர்ப் படகுகள் தோன்றிய திசைக்கெல்லாம் அவனைத் தேடி ஓடி, வெறுமனே திரும்பி வந்தன.

ஆனால் கருவி, குறித்த இடங்களை மட்டுமல்ல, போன வழியையும் நிமிடத்துக்கொரு புள்ளியாகத் தானாகவே எழுதிக்கொள்ளும். பொய்யாகக் குறிக்கலாம். பொய்யாகப் போய்வர முடியாது. அந்தப் புள்ளிகளை வெளியே எடுத்து எண்ணினால், அவன் அதிகம் நின்ற இடம் தெரியும்.

எடுக்கும் நிரலும் எண்ணும் நிரல்களும் யுனிக்ஸ் மாதிரியான ஒரு கட்டளைச் சூழலில்தான் ஓடும். அன்ரனியின் கம்பியூட்டரில் இருந்ததோ பழைய விண்டோஸ். கருவி வீட்டில் கிடக்கிறது என்று நேற்றே தொலைபேசியில் கேள்விப்பட்டிருந்ததால், தேவையான மென்பொருள் பொதிகளை எல்லாம் அவளுடைய கம்பஸ் தோழி ஸஹ்றா இன்று காலை புத்தளத்தில் வைத்துப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

“இன்டர்நெட் இல்லாத எடத்தில இது தானாப் பதியாது புள்ள. ஒவ்வொண்டா நீயே அவுத்துப் போடணும்.”

டொறத்தி ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். வெளியே தென்மேற்குச் சோளகக் காற்று மணலை அள்ளித் தகரக் கூரையில் எறிந்துகொண்டிருந்தது. யன்னல்களை எல்லாம் அடைத்திருந்ததால் நண்பகலிலும் வீட்டுக்குள் மங்கல். அந்த மங்கலுக்குள் மண்ணெண்ணெயும் பழைய வலையும் மணக்கிற வழக்கமான வாசனைக்கு அடியில் வேறொன்று, ஆழத்திலிருந்து பிடுங்கிய சாதாளைக் கடற்பாசி வெயில் காணாமலே அழுகுவது போன்ற ஒரு வாடை, ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கூடியது. றோசமேரி ஒரு கதிரையை உள்ளறையின் கதவோடு சேர்த்துப் போட்டு அதில் இருந்தாள். முதுகு கதவில் அழுந்தியிருந்தது.

“ஃபான் இல்லையோ மச்சாள்? இது சூடாகி நிண்டுபோகும்.”

“அறைக்குள்ள இருக்கு.”

“நான் போய் எடுக்கட்டே?”

“வேண்டாம்.”

அவ்வளவுதான். டொறத்தி சிறுவயதிலிருந்தே, ஒருவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதவள்.

கைபேசி அடித்தது. படகுகளின் சொந்தக்காரரான சம்மாட்டி இன்னாசிப்பிள்ளை, கரையிலிருந்து. “பிள்ள, எட்டுப் போட் நிக்குது. நாலு மணிக்குப் பிறகு ஒருத்தனையும் இறக்கமாட்டன், காத்து வளருது. நாளைக்கு இன்னும் மோசம். எங்க எண்டு மட்டும் சொல்லு.”

“ஓம் மாமா. பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“உன்ர கம்பியூட்டருக்கு நீந்தத் தெரியுமோ?”

அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். உடனே அந்தச் சிரிப்பு நின்றது.

முதல் தடவை நிரலை ஓடவிட்டபோது ஒரு கோப்பு இல்லை என்று திரையில் ஒரு செய்திப் பெட்டி எழுந்தது. பென் டிரைவில் தேடி அதைப் போட்டாள். இன்னொன்று இல்லை என்றது. அதையும் போட்டாள். அது வேறொரு பதிப்பைக் கேட்டது. மணி இரண்டு தாண்டியிருந்தது. அவசரத்தில் கோப்புறையின் பெயரை மூன்று முறை பிழையாக அடித்தாள். ஸஹ்றாவுக்கு அழைத்தாள்.

“எல்லாத்தையும் ஒரே கோப்புறைக்குள்ள போட்டியா? பாதையைச் சொல்லிக் குடுத்தியா அதுக்கு?”

“குடுத்தனான். கேக்குதில்ல.”

“கம்பஸில வாயே தொறக்கமாட்டாய், அதான் மெஷினும் ஒன்ட பேச்சைக் கேக்குதில்ல. நிப்பாட்டித் திருப்பிப் போடு. அழாத. அல்லா காவல்.”

நிறுத்தித் திரும்பப் போட்டாள். கம்பியூட்டருக்குள் சுற்றும் விசிறியின் இரைச்சல் அடங்கிய அந்தச் சில விநாடிகளில் வீடு முழுக்க அமைதியானது. அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லியது. மணல் படிந்த சீமெந்துத் தரையில் ஒருவர் நின்றபடியே ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றுகிற சத்தம்.

டொறத்தி திரும்பினாள்.

“எலி,” என்றாள் றோசமேரி. அவளுடைய கண்கள் காய்ந்திருந்தன. வந்ததிலிருந்து அவள் ஒருமுறையும் அழவில்லை என்பது டொறத்திக்கு அப்போதுதான் உறைத்தது.

“டொறத்தி, அது எல்லாத்தையும் காட்டுமோ?”

“என்னத்தை மச்சாள்?”

“போன வழி எல்லாத்தையும்.”

“ஓம். கிடைச்சால் போய்க் கூட்டிவந்திடுவினம்.”

றோசமேரி மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள்.

கறுப்புச் சாளரம் திறந்தது. இம்முறை பிழைச்செய்தி வரவில்லை. கம்பியூட்டர் அன்ரனியுடையது என்பதால், புதிய சூழல் அவனுக்கென்று ஒரு வீட்டுக் கோப்புறையைத் தானாகவே உண்டாக்கி, அவன் பெயரை வரியின் தொடக்கத்தில் எழுதி, பக்கத்தில் துடிக்கும் ஒரு சிறு கட்டத்துடன் காத்திருந்தது. அவள் அடிக்கும் ஒவ்வொரு கட்டளையும் அவன் பெயருக்குக் கீழேதான் போகப்போகிறது. அவன் இருந்திருந்தால் சிரித்திருப்பான்.

கட்டளையைக் கொடுத்தாள். பச்சைப் புள்ளி சிமிட்டியது. எண்கள் ஓடத் தொடங்கின. அகலக்கோடு, நெடுங்கோடு, திகதி, நேரம். பதினோராயிரம் வரிகள். தசமங்களை வெட்டி, வரிசைப்படுத்தி, எண்ணச் சொன்னாள்.

அதிகம் நின்ற இடங்களில் முதலாவது இந்த வீடு. அது எதிர்பார்த்ததுதான், அவன் வாசலிலேயே கருவியைப் போடுகிறவன். இரண்டாவது வடமேற்கே, கரையிலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர் தூரத்தில். படகுகள் ஒருமுறையும் போகாத பக்கம். எழுநூறு நிமிடங்களுக்கு மேல் அவன் அங்கே நின்றிருக்கிறான்.

“கிடைச்சிட்டுது!” அவள் கத்திவிட்டாள். “மச்சாள், கிடைச்சிட்டுது!”

றோசமேரி அசையவில்லை.

மூன்று மணி பத்து. இன்னாசிப்பிள்ளைக்கு அழைத்து, கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து, எண்களைச் சரிபார்க்கக் கடைசி வரிகளுக்குப் போனாள். கடைசித் திகதியைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை.

அவன் போன இரவு.

மறந்துவிட்டுப் போன கருவி எப்படிப் போகும்?

பதிவில் நேரம் கிறீனிச் கணக்கில் இருந்தது. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினாள். இரவு பத்துக்கு வீடு. பிறகு கரை. பிறகு கடல், நிமிடத்துக்கு முந்நூறு மீற்றர், படகின் வேகம். பதினொன்றுக்கு அந்தக் கல்திட்டு. நாற்பது நிமிடங்கள் ஒரே இடம்.

பிறகு திரும்பியிருக்கிறது.

“பிள்ள, கேக்குதோ? இலக்கத்தைச் சொல்லு. எஞ்சினைப் போட்டுட்டாங்கள்.”

திரும்பிய வழி நேராக இருந்தது. கடலடி உயரும் இடத்தில் வளையவில்லை. நீரோட்டத்துக்கு வளையவில்லை. அவள் அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தைக் கணித்தாள். அறுபத்தாறு மீற்றர். அறுபத்தெட்டு. அறுபத்தாறு.

நிமிடத்துக்கு.

மனிதன் நடக்கிற வேகம்.

அங்கே ஆழம் பதினைந்து பாகம், ஏறக்குறைய தொண்ணூறு அடி. தண்ணீருக்கு அடியில் செய்மதிச் சமிக்ஞை எட்டாது, அது பௌதிகம், அவள் அதில்தான் பட்டம் பெற்றாள். கருவி தண்ணீருக்கு மேலே இருந்திருக்கிறது. நாலரை மணித்தியாலம். மேலே. பதினைந்து பாகத்துக்கு மேலே.

அறுபத்தேழு. அறுபத்தாறு.

கடற்கரை, செவ்வாய் விடிய நாலு மணி ஐந்து.

மணல் ஒழுங்கை. நாலு ஏழு.

நாலு பத்து. அந்த வரியில் இருந்த இடத்தின் எண் அவளுக்குத் தெரியும். பட்டியலில் முதலாவதாக நின்ற எண். இந்த வீடு.

அதற்குப் பிறகு வரி இல்லை. அன்ரனியின் பெயர். துடிக்கும் கட்டம்.

விசிறி நின்றது. மின்சாரம் போயிருந்தது. இருண்ட திரையில் இப்போது அவளுடைய முகத்தின் நிழல் மட்டும். அவளுக்குப் பின்னால் கதிரை. கதிரைக்குப் பின்னால் கதவு.

சாதாளை வாடை. மிகக் கிட்ட.

“பிள்ள!” கைபேசியில் காற்றும் எஞ்சின்களும் இரைந்தன. “எங்க நிக்கிறான்? டொறத்தி! எங்க நிக்கிறான் அவன்?”

டொறத்தி திரையில் தெரிந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் கதிரை நகர்ந்தது. றோசமேரி எழுந்து வந்து, குனிந்து, கைபேசிக்குக் கிட்டே வாயை வைத்தாள். நிதானமாகப் பேசினாள்.

“போட்டுகளை இறக்காதேங்கோ மாமா. அவர் செவ்வாய்க்கிழமை விடியவே வந்திட்டார். நான்தான் கதவைத் திறந்தனான். அறைக்குள்ள நிக்கிறார்.” மூச்சு எடுத்தாள். “கதிரையில இருக்கச் சொன்னா, இருக்கத் தெரியேல்ல அவருக்கு.”