ஒரு சாண் தூரம்

அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த மனைவி செல்லம்மாவுக்கு இந்தப் பக்கம் ஏதோ வெள்ளையாக இருந்தது. செங்கல்வராயன் அதைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். இல்லை. தலையைப் பழையபடி வைத்தார். இருந்தது.

சாயங்காலம் நாலு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. உப்பளத்துப் பாத்திகளிலிருந்து அழுகின சேற்று வாடையும், கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனையும், மணல்மேட்டுக்கு அப்பால் கடல் இரைகிற சத்தமும் அந்த ஒற்றை அறைக்குள் வந்து நின்றன. அவற்றுக்கு நடுவில் இன்னொரு வாசனையும் இருந்தது. டிஞ்சர் வாசனை.

கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. செங்கல்பட்டில் ஒரு சத்திரத்தில் வரிசையாகக் கட்டில் போட்டு, மதராஸிலிருந்து வந்த டாக்டர் அறுத்தார். புது வைத்தியம் என்றார்கள். ஊசி குத்தி மரத்துப்போக வைத்து, புரையை முழுசாக வெளியே எடுத்துவிடுகிற வைத்தியம். செங்கல்வராயனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் வேறு வழி இல்லை. இந்த வீடு உப்பளத்து முதலாளியுடையது. காவல்காரன் வேலை போனால் வீடும் போகும். "திங்கக்கிழமை வர்றேன். வரப்பு மேல நின்னு விரலைக் காட்டுறேன். எத்தனைன்னு சொல்லிட்டா வேலை உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் முதலாளி. இன்று சனிக்கிழமை.

கண்ணாடியைப் போட்டுவிட்ட டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். "பெரியவரே, இது தடிக் கண்ணாடி. நீங்க பாக்குற இடத்தைச் சுத்தி ஒரு வளையம் மாதிரி இருட்டு இருக்கும். அதுக்குள்ள நிக்கிறது தெரியாது. திடீர்னு குதிச்சு வெளிய வரும். பயந்துடாதீங்க, பழகிடும்."

பழகவில்லை. நாய் குதித்து வந்தது, வாசல் கால் குதித்து வந்தது, அதெல்லாம் சரி. அவை வந்தபின் நின்றன. இது நிற்கவில்லை. கண்ணாடி போட்ட முதல் வாரம் பாத்தி வரப்பில் தெரிந்தது, தலையில் வெள்ளை முண்டாசு கட்டின ஆள் மாதிரி. அடுத்த வாரம் கிணற்றடியில். நேற்று வாசலில்.

இன்று அடுப்பங்கரையில்.

செங்கல்வராயனுக்கு வரதன் ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்றுதான் பார்த்தார். சத்திரத்தில் பக்கத்துக் கட்டில். சதுரங்கப்பட்டினத்துப் படகுக்காரன். இரண்டு பேருக்கும் கண்ணில் கட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. பேசக்கூடாது, இருமக்கூடாது, அசைந்தால் கண் வெடித்துப்போகும் என்று சொல்லியிருந்தார்கள். பகலா ராத்திரியா தெரியாத ஒரு நேரத்தில் வரதன் முனக ஆரம்பித்தான். உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிற சூடு இவர் கட்டில் வரை அடித்தது.

"அண்ணாத்த, கட்டு இறுக்குது. யாரையாச்சும் கூப்புடு. அவுக்க சொல்லு."

செங்கல்வராயன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தன் கண் தனக்கு.

"கிட்டக்க யாரும் இல்லியா, அண்ணாத்த?"

அப்புறம் சத்தமில்லை. காலையில் அந்தக் கட்டிலில் வேறு ஆள் இருமினான்.

"செல்லம்மா, அங்க உன் பக்கத்துல யாராச்சும் கீறாங்களா?"

"ஆமா, கலெக்டரு குந்திகினு கீறாரு, கொழம்பு ஊத்தட்டுமா?" அவள் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டாள். "இன்னாயா நீ? கண்ணாடிய கழட்டி வெச்சிட்டா திங்கக்கிழமைக்கு இன்னா பண்ணுவ? கொடு இங்க. நான் போட்டுப் பாக்குறேன். ஒண்ணும் இல்லன்னா நீ வாய மூடிகினு போட்டுக்கணும்."

கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள். செங்கல்வராயனின் உலகம் கரைந்தது. அடுப்பின் சிவப்பு ஒரு திட்டு. அவள் பச்சைப் புடவை ஒரு திட்டு.

"ஐய, ஒரே பொகையா கீது! உன் மூஞ்சியே தெர்ல."

"தூரத்துல உனக்குத் தெரியாதுமே."

"இரு, கைய கிட்டக்க கொண்டாந்தா தெரியுது. யம்மா! ரேகையெல்லாம் கயிறு மாதிரி கீது! ஒரு சாண் வரைக்கும் பளிச்சுன்னு கீது, அதுக்கு அந்தாண்ட எல்லாம் பொகை. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, அரிசில கல்லு பொறுக்கலாம்." சிரித்தாள். "பாரு, யாரும் இல்ல. நான் சொன்னேன்ல..."

பேச்சு நின்றது.

குழம்பு கொதித்தது. கடல் இரைந்தது.

"இன்னாமே?"

"யாருயா இது?"

"எது?"

"வெள்ளைத் துணி. கண்ணச் சுத்திக் கட்டிகினு." அவள் குரல் தாழ்ந்தது. "நூலு நூலா தெரியுதுயா."

ஒரு சாண். அதற்கு அப்பால் எல்லாம் புகை. அவளே சொன்னாள்.

"கழட்டுடீ! கண்ணாடிய கழட்டு!"

இந்த முறை கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். கையை நீட்டித் தடவிக்கொண்டு எழுந்தார். செம்பு காலில் பட்டு உருண்டது. முன்னால் பச்சைத் திட்டு. அதை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டு. நடுவில் இடமே இல்லை.

டிஞ்சர் வாசனை.

"பாவம், இறுக்குதாம்யா." வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணி மொள்ளப் போகிறவள் குரலில் சொன்னாள் செல்லம்மா. "அவுக்க சொல்றாரு."

பச்சைத் திட்டிலிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன. ஏதோ கீழே விழுந்து உடைந்தது. கண்ணாடி.

துணி உரசும் சத்தம். ஒரு சுற்று. நிதானமாக இன்னொரு சுற்று.

வெள்ளை குறைந்துகொண்டே வந்தது. அது இருந்த இடத்தில் முகம் வரவில்லை. அடுப்பின் சிவப்புதான் வந்தது.

"செல்லம்மா."

இன்னொரு சுற்று.

பச்சைக்கு மேலே, அவள் தலை இருக்கும் உயரத்தில், வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது.